பதினாறு மணி நேரம்

வைகாசியில் வந்த கரண்ட் பில் முந்தின பில்லைவிடக் குறைவாக இருந்தது. அதைப் பார்த்து வடிவு சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகப் பிறகு பல நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அந்த வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. வடிவின் புருஷன் வீரபத்திரன், வாலாஜாபாத் பக்கம் ஒரு நெல் ஆலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவன். நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமி தள்ளும் வேலை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தள்ளுவான். துண்டுக்குள்ளும் தூசி போனது. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள், வேலை முடிந்து வந்தவன் வேகவதிப் பாலத்தின்மேல் சைக்கிளை விட்டு இறங்கி, மேற்கொண்டு ஓர் அடி வைக்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நுரையீரல் விறைத்துப்போயிருக்கிறது, திரும்பச் சரியாகாது, ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்யும் மகள் சுகாசினி, யாரோ உபயோகித்து வைத்திருந்த மெஷின் ஒன்றை விலைபேசி வாங்கி வேனில் ஏற்றி அனுப்பினாள்.

முழங்காலுக்குச் சற்று மேலே உயரம். அடியில் நான்கு சக்கரம். சுவிட்சைப் போட்டால் புஸ், புஸ் என்று விட்டுவிட்டு இரையும். குழாய் நீளமானது, கட்டிலிலிருந்து வாசல் தாண்டி வரும். அவர்கள் இருந்தது திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், காலனியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. மெஷின் வந்த பிறகு அந்த அறையில் பேசுகிறவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள்.

பங்குனிக் கடைசியில் முதல் பில் வந்தது. ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு ரேட். ஒரு யூனிட் தாண்டினாலும் கீழே ஓடின யூனிட்டுக்கும் சேர்த்து வேறு ரேட். அந்த வீடு கட்டின நாளிலிருந்து முதல் தடவையாகத் தாண்டியிருந்தது. வடிவு போனை வீரபத்திரனிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.  அன்றிலிருந்து வடிவு பிரிட்ஜை நிறுத்திவிட்டாள். டிவியைத் துணி போட்டு மூடினாள். சித்திரை வெயிலில் சுவர் அனலாகத் தகிக்கும்போதும் அவன் கட்டில் பக்கம் மட்டும் ஃபேன் ஓடியது; அவள் வாசற்படியில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். அப்படியெல்லாம் மிச்சம் பிடித்ததில்தான் அடுத்த பில் குறைந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில், புடவை மடிப்பது. கல்யாணப் புடவை எடுக்க ஒரு கூட்டம் வந்தால் எண்பது புடவையை விரித்துப் பார்த்துவிட்டு ஆறு எடுப்பார்கள். மிச்சம் எழுபத்துநான்கும் பாயின்மேல் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பு எங்கே விழுந்ததோ அங்கேயே விழும்படி மடிக்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளினாலும் ஜரிகையில் புதுக் கோடு விழுந்துவிடும், அந்தப் புடவையை அடுத்து வருகிறவர்கள் தொடமாட்டார்கள். வடிவு ஒரு முனை, ஜெயப்ரியா மறுமுனை. காலை ஒன்பதரை மணிக்கு நின்றால் இரவு எட்டு வரைக்கும் நின்றபடிதான். பதினொரு வருஷமாக வடிவு மடித்த புடவையில் யாரும் குறை சொன்னதில்லை.

வைகாசி முடியும்போது வீரபத்திரனுக்குக் கால் வீங்கியது. நகமெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்தது. மெஷின் போட்டும் ஏன் இப்படி என்று டாக்டருக்கும் விளங்கவில்லை; மெஷினைச் சோதிக்கச் சொன்னார். ஆனி பிறந்ததும் மெக்கானிக் ஒருவன் வந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் போட்டான். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். பிறகு பின்பக்கம் குனிந்து அங்கே இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து ஓர் எண்ணை எழுதினான். மெஷின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் எண் அது. பங்குனிக் கடைசியில் ஒரு தடவை வந்தபோது எழுதின எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்துவிட்டு, அறுபது நாளில் எண்ணூறு மணி நேரம்கூட ஓடவில்லையே அம்மா, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிதானே வருகிறது என்றான்.

வடிவு திரும்பி வீரபத்திரனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கடைக்குப் போனதும் நிறுத்திவிட்டு, திரும்புவதற்குக் கால் மணி முன்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பத்தரை மணி நேரமும் அசையாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் சமாளித்துவிடலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கமாட்டானாம். பில் குறைந்தது அதனால்தான்.

அன்றைக்கு வடிவு சண்டை போடவில்லை. கஞ்சியும் சுட்ட கருவாடும் எடுத்துவைத்தாள். இனிமேல் நிறுத்தமாட்டேன் என்று அவனாகவே சொன்னான். அவள் நம்பவில்லை. மறுநாள் கடையில் நிற்கும்போது, இப்போது ஓடுகிறதா, இப்போது நின்றிருக்கிறதா என்பதைத் தவிர வேறு நினைவே இல்லை. தையல்நாயகி என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. அவளுக்கு மூன்று தடவை போன் போட்டு, ஜன்னல் ஓரம் போய் இரைச்சல் கேட்கிறதா பார் என்றாள். சாயங்காலம் மாம்பழக் கலர் முகூர்த்தப் புடவை ஒன்றைத் தப்பு மடிப்பில் மடித்துவிட்டாள். ஜெயப்ரியாதான் முதலாளி கண்ணில் படுவதற்குள் பிரித்து மறுபடி மடிக்க வைத்தாள்.

கடையின் மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி. சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் அங்கேதான் போவார்கள். போன வருஷம் அங்கே வரிசையாக நீலச் சோலார் தகடுகள் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து வடிவு பல நாள் சாப்பிட்டிருக்கிறாள், அண்ணாந்து பார்த்ததில்லை. அடுத்த நாள் தகடுகளைத் துடைக்க வந்த கடை எலக்ட்ரீஷியன் மாணிக்கவேலிடம், வீட்டுக்கு இதைப் போட முடியுமா என்று கேட்டாள். அவர் பொறுமையான மனிதர். நின்று விளக்கினார். அவளுடைய வீட்டுக்கு நான்கு தகடு போதும். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் வரும். மெஷின் ஓடி மிஞ்சினது வெளி லைனுக்குப் போகும். ராத்திரி அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளலாம். போவதையும் வருவதையும் எழுத வேறு மீட்டர் வைப்பார்கள். அரசாங்க மானியம் பாதிக்குக் கொஞ்சம் குறையக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொன்னார்: ஊரில் கரண்ட் போனால் இந்தத் தகடும் நின்றுவிடும், அதற்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் தனியாக வைத்திருக்க வேண்டும்.

மிச்சப் பணத்துக்கு வடிவிடம் சீட்டு இருந்தது. குளியலறை கட்ட என்று நான்கு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை எடுத்தாள். சுகாசினி விடுதியிலிருந்தே போனில் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். கரண்ட் இணைப்பு வீரபத்திரன் பேரில் இருந்ததால் அவனுடைய போனுக்கு ஓர் எண் வந்தது. அதைச் சொன்னால்தான் மேற்கொண்டு நகரும். வீரபத்திரன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"நம்பரச் சொல்லு. புள்ள லைன்ல இருக்குது" என்றாள் வடிவு.

"வாணாம்."

"ஏன் வாணாம்?"

அவனுக்கு ஒரு மூச்சில் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அந்தத் தகடு இருபத்தஞ்சு வருசம் ஓடுமாமே. நான் ரெண்டு வருசம் ஓடுனா பெருசு. எனக்காக எதுக்கு அத்தத் தூக்கி நிறுத்திக்கினு. நீ பாத்ரூமு கட்டு."

வடிவு போனில் மகளிடம் கொஞ்சம் இரு என்றாள். கட்டில் ஓரத்தில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வீங்கின பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ ரெண்டு வருசத்துல பூட்டா, மிச்சம் இருபத்திமூணு வருசம் நான் இந்த வூட்டுல இருக்கமாட்டேனா? எனக்கு ஃபேன் வாணாமா? இல்ல, நீ போனதும் நானும் வந்துடணுமா?"

வீரபத்திரன் அதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது. அவள் எழுந்து முதுகைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவளே மறுபடி பேசினாள்.

"காத்தால கடைக்குப் போறேன். நீ இங்க மூச்சப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்கறதா நெனச்சிக்கினே பத்து மணி நேரம் நிக்கிறேன். எனக்கும் மூச்சு முட்டுதுய்யா. உனக்கோசரம் வாணாம். எனக்கோசரம் சொல்லு."

அவன் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது, வேறு எண் வரும் என்றாள் சுகாசினி. வந்த எண்ணையும் படித்தான்.

பத்து நாள் கழித்துத் தகடு போடும் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். ஏணி வைத்துக் கூரையில் ஏறினார். இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். கீழே உள்பக்கம் வந்து, சிமென்ட் உதிர்ந்து துருக்கம்பி தெரிகிற இடங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். இந்தக் கூரை பாரம் தாங்காது அம்மா, போட்டால் தப்பாகிவிடும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வடிவு அன்று கடைக்கு லேட்டாகப் போனாள். பிள்ளையார்பாளையம் வழியாக நடக்கும்போது வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. ஒரு தெருமுனையில் லியாகத் அலியின் வெல்டிங் பட்டறை. இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவர், சுத்துப்பட்டில் முக்கால்வாசி வீட்டுக்கு அவர் கைக் கம்பிதான். இரண்டு வருஷமாகத் தகடு தாங்கும் சட்டமும் செய்கிறார் என்று மாணிக்கவேல் சொல்லியிருந்தார். வடிவு உள்ளே போய், கூரை தாங்காது என்கிறார்கள் பாய், தரையிலிருந்து கால் நட்டுத் தூக்க முடியுமா என்று கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாசல் எத்தனை அடி, வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டார். தெற்குப் பார்த்த வாசல் என்றதும், தகடுக்கு அந்த வெயில்தான் வேண்டும் என்று அவருக்கு முகம் மலர்ந்தது. மறுநாள் விடியலிலேயே டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வாசலில் இடம் போதும். ஒரு முருங்கைமரம்தான் நடுவே நின்றது. தெருவே அதில் கீரை பறித்துக்கொண்டிருந்தது. பாய் தயங்கினார். வடிவு அரிவாளை எடுத்து வந்து அவளே வெட்டினாள். அன்றைக்குக் காலனியில் ஏழெட்டு வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல். இரண்டு கிளையை வீட்டுக்குப் பின்னால் நட்டுவைத்தாள்.

ஆடி முதல் வாரம் வேலை நடந்தது. நான்கு குழி தோண்டி, நான்கு இரும்புக் கால் நட்டு, கான்கிரீட் போட்டு, கூரைக்கும் ஒரு முழம் மேலே சட்டம் எழும்பியது. பாய் சுட்டு ஒட்டும்போது பொறி பறக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் வீரபத்திரனை உள்ளே அனுப்பி, மெஷினையும் மூலைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் வீரபத்திரன் மூக்கில் குழாயோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.  இரண்டாம் நாள் கூப்பிட்டான்.

"பாய். மேக்கால ரெண்டு காலுக்கும் குறுக்க கம்பி இல்லியே."

"நாலு காலும் தாங்கும்பா. நான் போட்ட சட்டம் ஒண்ணுகூட ஆடினதில்ல."

"ஆலையில ஒலர்த்துற களத்துக்குத் தகரக் கொட்டா போட்டாங்க. நேர்காலு நல்ல கனம். ஆடிக் காத்து அடியில பூந்து, கொட்டாயத் தூக்கிக்கினு போயி ரோட்டுல வெச்சிது. காத்து மேலேர்ந்து தள்ளாது பாய். கீழேர்ந்துதான் தூக்கும்."

இவ்வளவையும் சொல்ல அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. லியாகத் அலி அவசரப்படுத்தாமல் நின்று கேட்டார். சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பட்டறைக்குப் போய் இன்னும் இரண்டு ஆங்கிள் கம்பி எடுத்து வந்து பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துச் சுட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை. அடுத்த வாரம் தென்னேரிப் பக்கமிருந்து எழும்பி வந்த காற்று காலனியில் இரண்டு வீட்டுக் கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டது. இந்தச் சட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. பாய் மறுநாள் காலையிலேயே வண்டியில் வந்து பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரரு கணக்கு சரிதான் தங்கச்சி. இனிமேல எல்லா ஊட்டுக்கும் இப்பிடித்தான் போடணும்" என்றார். வீரபத்திரன் அன்றைக்குக் கூடக் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

தரையிலிருந்து எழும்பிய சட்டத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டு தகடுகளை ஏற்றினார்கள். ஆவணியில் மீட்டர் மாற்றினார்கள். முதல் நாள் பத்தரை மணிக்கு மாணிக்கவேல் கடைக்கு லீவு போட்டு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டதும் சுவரில் மாட்டின பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் எப்போதும் போலப் புஸ், புஸ் என்று இரைந்துகொண்டிருந்தது. வீரபத்திரன் கொஞ்சம் ஏமாந்தது போலப் பெட்டியையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். புது மீட்டரில் அம்புக்குறி வெளியே பார்த்துக் காட்டியது. உங்கள் வீட்டுக் கரண்ட் இப்போது தெருவுக்குப் போகிறது என்று மாணிக்கவேல் விளக்கியதும், யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டான். பக்கத்தில் யார் போடுகிறார்களோ அவர்களுக்கு என்றார் அவர். தையல்நாயகி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீரபத்திரன் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வடிவு ஏணி வைத்து ஏறி, பஞ்சுத் துடைப்பத்தால் தகடுகளைக் கழுவினாள். காக்கை எச்சமும் செங்கல் சூளைப் புழுதியும் கருப்பாக வழிந்து வரும். நாற்பத்தாறு வயதில் ஏணி ஏற வேண்டுமா என்று தெருவில் கேட்டார்கள். பட்டுப் புடவையில் ஒரு தூசி இருந்தாலே அவளுக்குக் கை பரபரக்கும். நான்கு தகடும் கண்ணாடி போல ஆகிற வரைக்கும் இறங்கமாட்டாள்.

புரட்டாசியில் பில் வந்தது. முன்பு கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தடவை வடிவு சந்தோஷப்படுவதற்கு அவசரப்படவில்லை. முதலில் மெஷினுக்குப் பின்னால் குனிந்து எண்ணைப் பார்த்தாள். மீட்டர் மாற்றின அன்று தாளில் எழுதி வைத்திருந்த எண்ணை அதிலிருந்து கழித்தாள். ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலேயே வந்தது. மறுபடி ஒரு தடவை கழித்துப் பார்த்தாள். அப்புறம்தான் சுகாசினிக்குப் போன் போட்டுச் சொன்னாள். வீரபத்திரனின் கால் வீக்கம் அதற்கு முன்பே வடிந்திருந்தது. கறுப்பு போய் நகத்தில் நிறம் வந்திருந்தது. நோய் போகவில்லை, போகாது என்று அவர்களுக்குத் தெரியும். டாக்டர் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சின் அளவு இறங்காமல் நிற்கிறது, அதுவே பெரிய விஷயம் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம் இல்லை. மத்தியானமே போகச் சொல்லிவிட்டார்கள். வடிவு வெயிலில் நடந்து வந்தாள். தெருவுக்குள் திரும்பும்போதே வீட்டிலிருந்து வேறு ஏதோ சத்தம் கேட்டது. கரகரவென்று கனமான சத்தம். பயந்துபோய் நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டுக்குள், தரையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கரண்டுக்குப் பயந்து அவள் பரணில் ஏற்றிவிட்டு, பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் முக்காலி போட்டு வீரபத்திரன் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். தோளில் துண்டு. முழங்கை வரைக்கும் மாவு. ஒரு கையால் தண்ணீர் தெளித்து, ஒரு கையால் ஓரத்து மாவை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தையல்நாயகியின் அலுமினிய டபரா, அதற்கு அந்தண்டை வேறு யாருடையதோ ஊறின அரிசி. பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது தையல்நாயகி மகள் அபிநயாவாம்.

"இன்னாயா இது?" என்றாள் வடிவு.

"வெயிலு சும்மா தெருவுக்குப் போவுதேன்னு பாத்தேன்" என்றான். "குந்தின எடத்துலயே செய்யற வேலதான். மூச்சு வாங்கல. நாலு வூட்டு அரிசி வந்துக்கீது. நாளிக்கு மேகமா இருக்கும்னு டிவில சொன்னானாம். அதான் இன்னிக்கே வாங்கிப் போட்டேன்."

வடிவு வாசற்படியில் செருப்பை விட்டாள். இத்தனை வருஷத்தில் அவன் சமையல்கட்டுப் பாத்திரத்தைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. மாவு பொங்கப் பொங்க வெள்ளையாக ஏறி வந்தது. அவன் ஒரு விரலில் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, உமி தள்ளின நாளில் நெல் வெந்ததா என்று பார்த்திருப்பானே, அப்படிப் பார்த்தான்.

"பதம் வந்துருச்சி" என்றான். "நீ கையக் கழுவிக்கினு வந்து உப்பு போடு. அது மட்டும் எனக்கு அளவு தெரியல."